கணவன் போன பிறகுதானா? பெண்களின் ஞானத் தேடலும் வாழ்க்கைத் திருப்பங்களும்

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும். முதலில் புனிதவதி என்ற காரைக்கால் அம்மையாருக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம். பிறகு பிச்சாடனர் வீதியுலா. சுவாமி வரும் வழியெல்லாம் மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். அந்தப் பழம் கைக்குக் கிடைத்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. குழந்தை வேண்டி வந்த பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். இத்தனைக்கும் நாயகி யார் என்று பார்த்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது. சதை வற்றிய பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவனின் ஆட்டத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டவர் அவர். அவர் பெயரால் ஊர் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் கொண்டாடுகிறது.

ஊர் மக்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெண்களின் ஆன்மிகத் தேடலை நாம் எப்படிக் கதையாக்கி வைத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. நமக்கு வந்து சேர்ந்திருக்கும் கதைகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. கணவன் விட்டுப் போகிறான் அல்லது சாகிறான், பிள்ளை இறக்கிறது, குடும்பம் சிதைகிறது. அதன் பிறகு அவள் இறைவனைத் தேடிப் புறப்படுகிறாள். தேடல் என்பது ஓர் இழப்பின் பின்விளைவு என்றே நாமும் எண்ணப் பழகிவிட்டோம். அந்தப் பெண்கள் தாங்களே சொன்னதைப் படித்தால் வேறு படம் தெரிகிறது. திருமணம், கைம்மை, முதுமை போன்ற திருப்பங்கள் தேடலைத் தொடங்கிவைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. முன்பே இருந்த தேடலுக்கு அவை வெளியே வர அனுமதி தந்தன என்பதே பொருத்தமாகப் படுகிறது.

காரைக்கால் அம்மையாரையே எடுத்துக்கொள்வோம். அற்புதத் திருவந்தாதி 101 பாடல்கள், திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. இவற்றில் எங்கும் கணவன் பெயர் இல்லை, மாம்பழம் இல்லை, வணிகர் வீடு இல்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். தம் அன்பு எப்போது தொடங்கியது என்று அந்தாதியின் முதல் பாட்டிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: பிறந்து பேசக் கற்ற நாள் முதலாக. கணவன் ஓடிப்போன நாளிலிருந்து என்று அவர் கணக்கு வைக்கவில்லை.

மாம்பழக் கதை விரிவாக நமக்குக் கிடைப்பது சேக்கிழாரின் பெரியபுராணத்தில், 12ஆம் நூற்றாண்டில். அம்மையார் காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஆக நடுவில் அறுநூறு ஆண்டுகள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்று சிவனடியாருக்குப் போகிறது. இரண்டாவது கனிக்கு இறைவனிடம் கையேந்த வேண்டியதாகிறது. மனைவி தெய்வம் என்று அஞ்சிய பரமதத்தன் கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் இன்னொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரிடுகிறான். உறவினர் அம்மையாரை அங்கே அழைத்துப் போக, அவன் மனைவி மகளோடு காலில் விழுகிறான். அவனுக்காகத் தாங்கிய உடலழகு இனி எதற்கு என்று அப்போதுதான் அவர் அதை உதறுகிறார். சேக்கிழார் எவ்வளவு கவனமாக வழி செய்கிறார் பாருங்கள். அம்மையார் ஒரு நாளும் இல்லறக் கடமையில் தவறவில்லை, விலகியவன் கணவன், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து அவனுடையது. ஒரு குலப்பெண்ணைச் சுடுகாட்டுக்கு அனுப்ப 12ஆம் நூற்றாண்டுச் சைவ வேளாண் சமூகத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

பாடல்களையும் புராணத்தையும் தனித்தனியே வைத்துப் படிக்க வேண்டும் என்று ஆய்வாளர் கேரன் பெச்சிலிஸ் 2012இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். அதற்கும் முப்பது ஆண்டு முன்பு, 1982இல், ஏ. கே. ராமானுஜன் பெண் அடியார்களின் கதைகளை ஒப்பிட்டு, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் படிகளைக் காட்டியிருந்தார். சிறு வயதிலேயே பக்தி, பிறகு மணத்தை மறுப்பது அல்லது அதிலிருந்து தப்புவது, ஊர் வழக்கத்தை மீறுவது, கடைசியில் இறைவனையே மணப்பது. அவர் காட்டிய படிகளில் முதலாவதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே பக்தி இருக்கிறது. நடுவில் வரும் கல்யாணம் ஒரு தடை, மூலகாரணம் ஆகாது.

அறுபத்து மூவரில் மற்ற இரு பெண்களின் நிலை இன்னும் வெளிப்படை. மங்கையர்க்கரசியார் பாண்டிமாதேவி, கணவனைச் சைவத்துக்குத் திருப்பியவர். இசைஞானியார் சுந்தரரின் தாய். அவருக்குப் பெரியபுராணம் ஒதுக்கியது ஒரே ஒரு பாட்டு.

பாலி மொழியிலுள்ள தேரிகாதையிலும் இதே பிளவு தெரிகிறது. மூத்த பிக்குணிகளின் பாடல்கள் என்று பௌத்த மரபு காத்துவரும் தொகுப்பு அது. மொத்தம் 73 பகுதிகள். பலவற்றில் சொல்பவள் தன் மனம் எங்கே சிக்கியது, எப்படி விடுபட்டது என்பதை மட்டுமே சொல்கிறாள். முத்தா என்பவள் உரல், உலக்கை, கூனல் கணவன் மூன்றிலிருந்தும் விடுதலை என்று குதூகலிக்கிறாள். அம்பபாலி தன் முதுமையை உறுப்பு உறுப்பாகப் பார்த்துப் பாடுகிறாள். யார் மகள், யார் மனைவி, எந்த இழப்புக்குப் பின் வந்தாள் என்ற விரிவான கதைகள் பெரும்பாலும் பிற்கால உரையிலிருந்து வருபவை. அந்த உரையை எழுதிய தம்மபாலரை மரபு காஞ்சிபுரத்தோடு தொடர்புபடுத்துகிறது. பெண்ணின் சொல்லுக்குக் குடும்பக் கதை எழுதிச் சேர்க்கும் வேலையை நம் பக்கத்து ஆசிரியர்கள் வெகு காலமாகவே செய்துவந்திருக்கிறார்கள். படாசாரை, கிசாகோதமி போன்றோரின் துயரம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையை இழந்த தாயின் வேதனையைப் பாடல்களே பேசுகின்றன. ஆனால் எல்லா வாசலுக்கும் அந்த ஒரே சாவியை உரையாசிரியர்கள் பொருத்திப் பார்த்தார்கள்.

கல்வெட்டுகளைப் பார்த்தால் இந்தக் குடும்பக் கதைகள் உதிர்ந்துவிடுகின்றன. கழுகுமலைப் பாறையில் சமணத் திருமேனிகளின் அடியில் குரத்தியர் பலருடைய பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. குரத்தியர் என்றால் சமணப் பெண் ஆசிரியர்கள். இன்ன ஊர்க் குரத்தியார், இன்னாருடைய மாணாக்கியார், இந்தத் திருமேனியைச் செய்வித்தார் என்பதுதான் வாசகம். ஊர் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், மாணவர் இருக்கிறார். அந்தப் பெண் விதவையா, கன்னியா, கணவனை விட்டு வந்தவளா என்று கல்லுக்குக் கவலையில்லை. வடதமிழகத்தில் வேடல் என்ற ஊரில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு, அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய ஐந்நூறு மாணவியரையும் குறிப்பிடுகிறது. அங்கே எழுந்த ஒரு பூசலை ஒட்டி, அவர்களைக் காப்பதும் உணவளிப்பதும் தங்கள் பொறுப்பு என்று ஊரார் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் கீழ் ஐந்நூறு பேர் படித்தார்கள் என்ற செய்தி நம் பள்ளிப் பாடநூல்களில் ஏன் பெரிதாக வரவில்லை என்று தெரியவில்லை.

அந்தக் கல்வெட்டிலிருந்து எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. தேடல் எப்போது தொடங்கியது என்று கேட்பதை விட்டு, அதன் பிறகு அவளுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்டால் என்ன? மணிமேகலையை அப்படிப் படித்தால் நூலே வேறு மாதிரி தெரிகிறது. தாய் மாதவி கோவலன் இறந்த பிறகு துறவு பூண்டவள். அதாவது நமக்குப் பழக்கமான கதை. மகளுக்கு இழக்கக் கணவன் என்று ஒருவன் இல்லை. பாட்டி சித்திராபதி குலத்தொழிலுக்கு இழுக்கிறாள், அரசகுமாரன் உதயகுமாரன் துரத்துகிறான். அவள் கைக்கு வருவது அமுதசுரபி; ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகு வற்றாத பாத்திரம். துறவுக்குப் புறப்படும் பெண்ணின் முதல் உடைமை உணவுப் பாத்திரம் என்று சாத்தனார் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. இன்னொரு செய்தியும் உண்டு. வஞ்சியில் பல சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்க, அவள் மந்திரத்தால் ஓர் ஆண் தவசியின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். பசிக்குப் பாத்திரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் வாதச் சபைக்குள் நுழைய அவளுக்கு வேறு உடம்பு வேண்டியிருந்தது.

என் வாதத்துக்கு இடறும் சாட்சிகளும் உண்டு. ஆண்டாள் கணவன் இல்லாதவர், ஆனால் கல்யாணத்தைப் பற்றியே பாடியவர். மானிடர்க்கு என்று பேச்சு வந்தாலே வாழமாட்டேன் என்ற பிடிவாதம் நாச்சியார் திருமொழி முழுக்க ஓடுகிறது. இங்கே திருமணம் என்ற திருப்பம் தேடலின் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை மறுக்க முடியாது. இருந்தாலும் அந்தப் பாடல்களை நாம் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டோம் என்பதைக் கவனியுங்கள். திருப்பாவையின் முப்பதும் மார்கழிக்கு. திருமண வீட்டில் சீர்பாடலாக ஓதுவதும், மாப்பிள்ளை அமையாத பெண்கள் தினமும் சொல்வதும், நாச்சியார் திருமொழியில் உள்ள அந்தக் கல்யாணக் கனவுப் பதிகத்தை. மனிதக் கல்யாணம் வேண்டாம் என்றவரின் பாட்டு மனிதக் கல்யாணம் நடக்க மந்திரமாகிவிட்டது. உடலின் தவிப்பைக் கூச்சமில்லாமல் பேசும் மற்றப் பதிகங்கள் இந்த அளவுக்கு வீடுகளில் புழங்கவில்லை. காரைக்காலில் நடந்ததும் இதுவே. இல்லறத்தை மறுத்த பெண்ணைத் தெய்வமாக்கி, தெய்வமான பிறகு இல்லறத்துக்குக் காவல் வைக்கிறோம்.

மராட்டியத்துப் பகிணாபாய் இன்னொரு வகை இடறல். 17ஆம் நூற்றாண்டு. தன்னைவிடப் பல மடங்கு வயதான ஒருவருக்குக் குழந்தையாக மணம் செய்யப்பட்டவர். சாதியில் தாழ்ந்த துக்காராமைக் கனவில் குருவாகக் கண்டார். வேதம் படித்த கணவர் ஆத்திரத்தில் அடித்தார். இவையெல்லாம் அவரே பாடிவைத்த தன்வரலாற்றில் இருக்கின்றன. அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. கணவர் சாகவும் இல்லை. அடியையும் அபங்கப் பாடலையும் ஒரே வீட்டில் வைத்து நடத்தினார். அக்கமாதேவி அரசனை உதறி ஆடையையும் உதறியது போல, லல்லா காஷ்மீரத்தில் மாமியார் வீட்டை விட்டு அலைந்தது போல இவருக்குத் திரைச்சீலைக் காட்சி எதுவும் கிடையாது. அதனாலேயே அவரைப் பற்றிச் சினிமா எடுப்பது கடினம். நம் வீடுகளில் இன்றும் நடப்பதற்கு மிக நெருக்கமானவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

தமிழில் கைம்மையின் கதை என்றால் செங்கோட்டை ஆவுடையக்காள். பூப்பெய்தும் முன்பே கணவனை இழந்த சிறுமி, திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்று வேதாந்தம் பாடினார் என்பது மரபு. அவர் பாடல்கள் திருநெல்வேலிப் பக்கத்து அக்கிரகாரப் பெண்களின் வாய்வழியாகவும் கைப்பிரதிகளாகவும் வாழ்ந்து வந்தன. 2002இல் தபோவனம் ஞானானந்த நிகேதன் பெருந்தொகுப்பாக வெளியிட்டது. அவற்றில் பெரும் பகுதி கைம்மையின் ஒப்பாரியாக இல்லை என்பதே முக்கியம். மடி, ஆசாரம், எச்சில், தீட்டு என்று தன்னைக் கட்டிய வேலிகளை ஒவ்வொன்றாக எடுத்து எள்ளி நகையாடுகிறார். எடுத்துக்கொண்ட வடிவங்கள் அம்மானை, கும்மி, பள்ளு, கப்பல் பாட்டு. பெண்கள் விளையாடும்போதும் வேலை செய்யும்போதும் பாடும் மெட்டுகள். மொட்டையடித்து மூலையில் உட்கார்த்திய விதவைகளின் நடுவே அத்வைதம் கும்மியடித்துக்கொண்டு புழங்கியிருக்கிறது.

இசுலாமியப் பெண்களிடமும் இதே போக்கு. இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் மெய்ஞ்ஞானக் குறவஞ்சி பாடினார். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா மெய்ஞ்ஞான தீப இரத்தினம் தந்தவர்; வீட்டு மாடியில் தனித்திருந்து தவம் செய்தவர் என்று ஊர் நினைவு வைத்திருக்கிறது. அக்கிரகாரத்துக்கும் கடற்கரை மரைக்காயர் தெருவுக்கும் போக்குவரத்து இருந்ததோ இல்லையோ, இரண்டு இடத்துப் பெண்களும் ஞானத்துக்கு எடுத்த பாத்திரம் ஒன்றே. சமய வாரியாக இலக்கிய வரலாறு எழுதுவதால் இந்த ஒற்றுமை நம் கண்ணில் படுவதில்லை.

திருவண்ணாமலைக்கு 1907இல் வந்த எச்சம்மாள் கணவனையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்து இழந்தவர். இவரிடம் இழப்பே வாசல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறகு நடந்தது என்ன? தினமும் சமைத்து ரமண மகரிஷிக்குக் கொண்டு போனார். 1945இல் இறக்கும்வரை அது நிற்கவில்லை. எந்தச் சமையலறையில் குடும்பம் கரைந்துபோனதோ அந்தச் சமையலறையையே சாதனையாக்கிக்கொண்டார். பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்கக்கூடாது என்ற விதி இருந்தது. பகலெல்லாம் ஆத்ம விசாரம் கேட்டாலும் இருட்டுவதற்குள் வெளியேற வேண்டும். ரமணரின் தாய் அழகம்மாள் மட்டும் விலக்கு. 1898இல் வந்து அழுது கூப்பிட்டும் மகன் திரும்பவில்லை. 1916இல் அவரே வந்து தங்கிவிட்டார். வெங்காயமா, முருங்கைக்காயா, மடிக்கு ஆகாதே என்று தயங்கிய தாயை மகன் கேலி செய்வாராம். அப்பளம் இடுவதை ஞானப் பயிற்சியாக்கி அவருக்கென்று ஒரு பாட்டும் எழுதினார். 1922இல் தாய் இறந்தபோது முக்தி அடைந்தார் என்று ரமணர் கொண்டு, எரிக்காமல் சமாதி வைத்தார்கள். அதன் மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949இல் குடமுழுக்கு நடந்தது. தாய்மை என்ற உறவின் பெயரால் திறந்த கதவு, எச்சம்மாளுக்கு இருட்டும்வரை மட்டுமே திறந்திருந்தது.

இதே காலத்தில் சென்னையில் இளம் விதவைகளுக்கு வேறு வழி ஒன்று உருவானது. தாமே குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு விதவைச் சிறுமியருக்காகச் சாரதா இல்லம் தொடங்கினார். பின்னர் அது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுசுக்கு மாறியது. 1897இல் விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம். அங்கிருந்து வெளியே வந்தவர்கள் ஆசிரியைகள் ஆனார்கள். காவி தராத ஒன்றைச் சம்பளம் தந்தது: யாரையும் கேட்காமல் கோயிலுக்குப் போகவோ போகாமல் இருக்கவோ முடிகிற சுதந்திரம். பெண்களே நடத்தும் துறவு அமைப்பாக ஸ்ரீ சாரதா மடம் கல்கத்தாவில் 1954இல் தோன்றி 1959இல் தன்னாட்சி பெற்றது. இலங்கையில் நூற்றாண்டுகளாக அற்றுப்போயிருந்த பிக்குணி மரபு 1990களில்தான் மீண்டும் தொடங்கியது. ஆண் துறவிக்கு மடம் ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது. பெண்ணுக்கு அது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டிய வீடாக இருந்திருக்கிறது.

உடம்பின் திருப்பங்கள் தனி அத்தியாயம். சபரிமலைக்கு 10 முதல் 50 வயதுப் பெண்களுக்குத் தடை என்பதை 1991இல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றது, 2018இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது, 2019இல் கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. தமிழ்நாட்டில் எத்தனையோ பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் மாலை போடுவது ஒரு காத்திருப்பின் முடிவு. ‘இனிமே நிம்மதியா போயிட்டு வரலாம்’ என்று சொல்லும் குரலை எந்த ஊரிலும் கேட்கலாம். மேல்மருவத்தூர் இதற்கு எதிர்த்திசை. பங்காரு அடிகளார் உருவாக்கிய ஆதிபராசக்தி வழிபாட்டில் பெண்கள் எந்த நாளிலும் கருவறைக்குள் போகலாம், அபிஷேகம் செய்யலாம், செவ்வாடை உடுத்தி இருமுடி ஏந்தலாம். படித்தவர்கள் இதைப் பற்றி நக்கலாகப் பேசியே பழகிவிட்டார்கள், எழுதியது குறைவு. தெருவுக்குத் தெரு வார வழிபாட்டு மன்றம் வைத்து, வேள்வி நடத்தி, போற்றி படித்த பெண்களில் பெரும்பாலோர் விதவைகளும் இல்லை, வீட்டை விட்டவர்களும் இல்லை. மாலையில் சமையலை முடித்துவிட்டு வந்தவர்கள். ஆவுடையக்காள் எள்ளிய தீட்டை இவர்கள் ஒரு வரியும் பாடாமல் நடைமுறையில் ஒதுக்கிவைத்தார்கள். 2023இல் மூன்று பெண்கள் அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்தபோது பத்திரிகைகள் வியந்தன. மருவத்தூர்ப் பெண்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. ஆழியாறு அறிவுத் திருக்கோயிலை நிறுவிய வேதாத்திரி மகரிஷி, தம் மனைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாக்கினார். கணவனின் தவத்துக்கு இடம் கொடுத்த மனைவிக்கு நன்றி சொல்லும் நாள். மனைவியின் தவத்துக்கு இடம் கொடுத்த கணவனுக்கு இப்படி ஒரு நாள் தேவைப்படும் அளவுக்கு ஆள் சேரவில்லை போலும்.

அம்பையின் ‘அடவி’ கதையில் செந்திரு காட்டுக்குப் போகிறாள். கணவன் உயிரோடு இருக்கிறான். பெரிய கொடுமை ஒன்றும் செய்துவிடவில்லை; அவள் சேர்ந்து வளர்த்த தொழிலில் அவளைக் கேட்காமல் முடிவெடுக்கிறான், அவ்வளவே. அங்கே சீதையும் தன் கதையைத் தானே எழுதுகிறாள். காரைக்கால் அம்மையாரின் அந்தாதிக்குப் பிறகு, கணவனின் மரணத்தையோ ஓட்டத்தையோ சாக்காக எடுத்துக்கொள்ளாத புறப்பாடாக இதைப் படிக்கலாம்.

ஆய்வு செய்ய வேண்டிய இடம் இப்போது எங்கே இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆவுடையக்காள் நமக்குக் கிடைத்தது, பெயர் தெரியாத பல பெண்கள் நோட்டில் எழுதி வைத்ததால். இன்று ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்ற பெண், பிள்ளைகள் வெளிநாட்டில், ஓய்வூதியம் கையில், கிரிவலப் பாதையில் அறை எடுத்துத் தங்குகிறாள். இன்னொருத்தி திருப்புகழ் வகுப்புக்குப் போகிறாள். மூன்றாமவள் மன்றத்துக் கணக்கு எழுதுகிறாள். இவர்களிடம் யாராவது பேட்டி எடுக்கப் போனால், என்ன துக்கம் வந்து இங்கே சேர்ந்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி கேட்பார்கள். எத்தனை வயதிலிருந்து இது மனத்தில் இருந்தது, இத்தனை நாள் வரவிடாமல் வைத்தது எது, இப்போது வாடகை யார் கொடுக்கிறார்கள் என்ற மூன்றையும் முதலில் கேட்கலாம். மன்றங்களின் பழைய கணக்கு நோட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. யார் வேள்விக்கு எவ்வளவு நெய் கொடுத்தார், யார் எந்த வாரம் பூசை செய்தார் என்பதெல்லாம் அவற்றில் பெயரோடு இருக்கும்.